துபாய்க் குளிர்ப்பெட்டியில் ஒரு சீஸ் கட்டி

துபாயில் உணவுப்பொருள் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில், வந்திறங்கும் சரக்கைச் சரிபார்த்துக் குளிரறைக்குள் அனுப்பும் வேலையை 11 ஆண்டுகள் செய்தேன். அந்த வேலையை விட்டுச் சில காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கடைக்குப் போனால் குளிர்ப்பெட்டியைத் திறந்து, முன்வரிசையை ஒதுக்கிவிட்டுப் பின்வரிசையிலிருந்து ஒரு பொட்டலத்தை உருவி, திருப்பித் தேதி பார்க்கும் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. வீட்டில் இதற்காகத் திட்டு வாங்காத வாரம் கிடையாது. இந்த மதிப்புரை அந்தப் பழக்கத்தால் எழுந்தது. எடுத்துக்கொண்ட பொருள், இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து இங்கே குளிர்ப்பெட்டியில் விற்கப்படும் அமுல் புராசஸ்டு சீஸ், கட்டி வடிவிலும் ஸ்லைஸ் வடிவிலும். ஊரில் மளிகைக் கடையிலேயே கிடைக்கும் பொருளுக்கு ஒரு மதிப்புரையா என்று யாரேனும் கேட்கக்கூடும். ஊரில் நாம் சீஸை மட்டும் வாங்குகிறோம். இங்கே அதைச் சுமந்து வந்த குளிரையும் சேர்த்து வாங்குகிறோம். அந்தக் குளிர் வழியில் எங்கேனும் அறுந்திருந்தால், அட்டையில் எந்தப் பெயர் அச்சாகியிருந்தாலும் உள்ளே இருப்பது வேறு பொருள்தான்.

முதலில் இந்த ஊரின் சீஸ் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வளைகுடாவில் சீஸ் என்றால் பெரும்பாலான வீடுகளில் அது கண்ணாடிப் புட்டியில் இருக்கும் வெள்ளைக் களிம்பு. கிராஃப்ட், பக், அல்மராய் என்று பெயர்கள் மாறினாலும், கரண்டியால் வழித்து ரொட்டியில் தடவுகிற அந்த வடிவம் மாறுவதில்லை. கேரளத்துச் சேட்டன்மார் நடத்தும் எந்தக் கஃபத்தேரியாவிலும் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். கல்லிலிருந்து எடுத்த சூடான பரோட்டாவின் மீது புட்டிச் சீஸை ஒரு கரண்டி இழுத்துவிட்டு, ஒரு பொட்டலம் சிப்ஸ் ஒமானைக் கையாலேயே நொறுக்கித் தூவி, மேலே காரச் சாஸ் விட்டுச் சுருட்டி, காகிதத்தில் முறுக்கித் தருவார்கள். கூடவே ஒரு கரக் சாயா. காரின் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஹாரன் அடித்து இதை வாங்கிச் சாப்பிடாத எமிரேட் இளைஞன் இருக்க முடியாது. இரும்புத் தட்டில் மெல்லிதாக இழுத்துச் சுடும் ரகாக் ரொட்டியிலும் முட்டையோடு சேர்வது இதே புட்டிச் சீஸ்தான். ஆக, குளிர்ந்த கட்டிச் சீஸ் இங்கே காலியான இடத்தில் வந்து உட்காரவில்லை. ஊரே பழகிப்போன ஒரு பொருளுக்கு எதிரே கடை விரித்திருக்கிறது.

புட்டி ஏன் இந்த மண்ணில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குக் காரணம் தட்பவெப்பம். மூடி திறக்கும்வரை அதற்குக் குளிர்ப்பெட்டி தேவையில்லை. பாலைவனத்துக் கூடாரத்துக்கும் எடுத்துப் போகலாம். பக்காலா எனப்படும் சின்ன மளிகைக் கடையின் அலமாரியில் சோப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தாலும் கெடாது. சொல்லப்போனால் புராசஸ்டு சீஸ் என்ற பொருள் பிறந்ததே இதற்காகத்தான். 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் எமென்டால் சீஸைச் சோடியம் சிட்ரேட்டோடு சேர்த்து உருக்கிப் பார்த்தது, வெப்பநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தால் வழியில் கெடாமலிருக்க வேண்டும் என்ற கவலையில். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் தனக்கென ஒரு காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கு அவருடைய தகர டப்பாக்கள் போயின. அந்த மரபின் வாரிசு போல நீல நிற கிராஃப்ட் டப்பா இன்றும் இங்குள்ள அலமாரிகளில், குளிரூட்டாமலேயே, உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கப் பெயரைப் பார்த்து நாம் வாங்கும் கிராஃப்ட் சீஸ் இங்கே அமெரிக்கர்கள் கையில் இல்லை. மத்தியக் கிழக்கில் அந்தப் பெயரில் புராசஸ்டு சீஸ் விற்கும் தொழிலை, பஹ்ரைனில் உள்ள ஆலையோடு சேர்த்து, மொண்டலீஸ் நிறுவனத்திடமிருந்து 2019-இல் அர்லா வாங்கிக்கொண்டது. அர்லா என்பது டென்மார்க், சுவீடன் முதலிய நாடுகளின் பால் விவசாயிகளுக்குச் சொந்தமான கூட்டுறவு. பக் புட்டியும் அவர்களுடையதே. அமுலும் கூட்டுறவுதான். 1946-இல் ஆனந்தில் பதிவான கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் பிள்ளை அது. ஒரே கடையில் புட்டி ஒரு பக்கமும் கட்டி ஒரு பக்கமுமாக நிற்கும்போது, உண்மையில் பால்காரர்களின் இரண்டு சங்கங்கள் எதிரெதிரே நிற்கின்றன. 2006-இன் தொடக்கத்தில், டேனிஷ் செய்தித்தாள் ஒன்றில் வந்த கேலிச்சித்திரங்களால் மூண்ட கோபத்தில் டென்மார்க்குப் பொருள்கள் சவூதி முதலான நாடுகளின் கடைகளிலிருந்து கூண்டோடு இறக்கப்பட்டதை, அந்தக் காலத்தில் இங்கிருந்த எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள். வெளிநாட்டுச் சந்தையில் சீஸ் விற்பவர் வெயிலுக்கு மட்டும் பயந்தால் போதாது.

இனி நம் கட்டிக்கு வருவோம். அட்டையில் எழுதியிருப்பது நீளமான பட்டியல் அல்ல: சீஸ், சோடியம் சிட்ரேட், உப்பு, சிட்ரிக் அமிலம், அனாட்டோ எனும் இயற்கை நிறமி, ஒரு பதப்பொருள். சோடியம் சிட்ரேட் என்ற பெயரைக் கண்டு மிரள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் வேலையைத் தெரிந்துகொண்டால் மிரட்சி குறையும். சாதாரண சீஸில் கேசீன் என்ற புரதத்தைக் கால்சியம் கட்டிப் பிடித்திருக்கிறது. அதை அப்படியே சூடாக்கினால் புரதம் சுருண்டு, கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து ஓடிவிடும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. பிடி தளர்ந்த புரதம் நீரையும் கொழுப்பையும் ஒன்றாக அணைத்துக்கொள்கிறது. மறுபடி சூடாக்கினாலும் எண்ணெய் பிரியாமல் வழவழப்பாக உருகுவது அதனால்தான்.

கட்டிக்கும் ஸ்லைஸுக்கும் புட்டிக்கும் உள்ள பெரிய வேறுபாடு நீர். இந்தியாவின் உணவு விதிகளில் புராசஸ்டு சீஸின் ஈரம் 47 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும், பொட்டலத்தில் விற்கும் ஸ்லைஸுக்கு 50 வரை போகலாம் என்றும், தடவும் சீஸுக்கு 60 வரை போகலாம் என்றும் வரம்பு வகுத்திருக்கிறார்கள். வாங்குபவர் மொழியில் சொன்னால், கட்டியில் பாதிக்கு மேல் பால் சத்து. தடவும் வகையில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கலாம். புட்டியின் விலையையும் கட்டியின் விலையையும் ஒப்பிடும்போது கிராம் கணக்கு மட்டும் போட்டுவிட்டு, கட்டி விலை அதிகம் என்று முகம் சுளிக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும். ஆனால் புட்டியும் டப்பாவும் நன்றாகச் சூடேற்றி இறுக மூடப்படுவதால் வெளியே நிற்கின்றன. கட்டியும் ஸ்லைஸும் மெல்லிய உறைக்குள் இருப்பதால் 4 டிகிரி அளவில் குளிரைக் கேட்கின்றன. இங்கேதான் இறக்குமதிக்காரரின் தலைவலி தொடங்குகிறது.

குஜராத்தின் துறைமுகத்திலிருந்து துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்துக்குக் கப்பல் ஓடும் தூரம் அதிகமில்லை. நான்கைந்து நாளில் வந்துவிடும். கடல் அல்ல, கடலுக்கு முன்னும் பின்னும் உள்ள மணிநேரங்களே சீஸைக் கெடுக்கின்றன. ரீஃபர் என்று நாங்கள் சொல்லும் குளிர்ப் பெட்டகம் குளிரைக் காப்பாற்றும் கருவி. வெதுவெதுப்பாக ஏற்றிய சரக்கைக் குளிர்விக்கும் கருவி அல்ல. இதை அறியாதவர்கள், ஏற்றும் இடத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற பேலட்டுகளை, அதாவது பெட்டிகள் அடுக்கிய பலகைகளை, உள்ளே தள்ளிவிட்டு, 4 டிகிரியில் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாகக் கதவை மூடுகிறார்கள். காற்று, பெட்டகத்தின் தரையில் உள்ள பள்ளங்கள் வழியாக வந்து, அட்டைப்பெட்டிகளுக்கு இடையே மேலேறி, கூரையை ஒட்டித் திரும்பிப் போகிறது. சுவரில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேலே பெட்டிகளை அடுக்கினால் அந்தப் பாதை அடைபடும்; மேல்வரிசைப் பெட்டிகள் வியர்த்துப்போய்க் கிடக்கும்.

எங்கள் கிடங்கில் முதல் சோதனை இரண்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தட்டையான வெப்பமானியைச் செருகி ஒரு நிமிடம் காத்திருப்பது. துபாயில் குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. எண் 4.6 என்றால் கையெழுத்து. 7 என்று காட்டினால் ஒரு பெட்டியைப் பிரித்து, கட்டியின் நடுவில் ஊசியைக் குத்திப் பார்க்க வேண்டும். மேற்பரப்பு சூடாகியும் உள்ளே இன்னும் குளிர்ந்தும் இருந்தால், கதவு திறந்தபின் ஏறிய சூடு என்று பொருள். உள்ளேயும் 7 என்றால் வழி நெடுகவே அப்படித்தான் வந்திருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை செய்யத் தடை என்பதால், திறந்த முற்றத்தில் இறக்கும் வண்டிகள் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். 12.15-க்கு வந்து நிற்கும் ஓட்டுநரின் முகத்தையும் எங்கள் மேற்பார்வையாளரின் முகத்தையும் அந்த மூன்று மாதங்களில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் ஒரு சீஸ் துண்டின் அருமை.

சூடுதான் எதிரி என்று நினைத்திருந்த எங்களுக்கு, ஒருமுறை குளிரே எதிரியானது. பெயர் வேண்டாம், ஒரு சரக்கு முகவர், முந்தைய வாரம் எங்களுக்காகப் பதிவுசெய்த உறைந்த பரோட்டாவின் விவரங்களை அப்படியே நகலெடுத்து, சீஸ் வந்த பெட்டகத்தையும் −18 டிகிரிக்கு வைக்கச் சொல்லிவிட்டார். கதவைத் திறந்தபோது கிளம்பிய வெண்புகையிலேயே விஷயம் விளங்கிவிட்டது. இளக வைத்த பின் ஒரு கட்டியை எடுத்துக் கத்தியை வைத்தேன். வழக்கமாக வெண்ணெயைப் போலச் சரிந்து விழும் துண்டு, ஈர மணலைப் போலப் பொடிந்து உதிர்ந்தது. நீர் பனிப்படிகமாக வளர்ந்து, சிட்ரேட் பாடுபட்டுக் கட்டிய அந்த அணைப்பை உள்ளிருந்தே கிழித்துவிட்டது. ஸ்லைஸ்களோ ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் மூலைகள் கையோடு வந்தன. உண்ணத் தகாததாக அது ஆகிவிடவில்லை. ஆனால் கடையில் வைக்கத் தகாததாகிவிட்டது. பெட்டகத்துக்குள் வைத்திருந்த பதிவுக்கருவியின் வரைபடம் ஏற்றிய நாள் முதல் இறக்கிய நாள் வரை நேர்கோடாக −18-இலேயே நின்றதால்தான் இழப்பீடு கேட்க முடிந்தது. அந்தக் கருவி இல்லாத சரக்கை ஏற்கவே கூடாது என்று அன்றிலிருந்து எங்கள் முதலாளி பிடிவாதமானார்.

வீட்டில் சீஸ் கட்டியை உறைபெட்டியில் போட்டுவைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் பரவலாக இருப்பதால் இதை விரித்துச் சொன்னேன். துருவி உருக்கப் போகிறீர்கள் என்றால் பெரிய பாதகமில்லை. துண்டு போடப் போகிறீர்கள் என்றால் கீழ்த்தட்டிலேயே வையுங்கள்.

குளிருக்கு அடுத்தது காகிதம். சுங்கத்தின் கண்ணில் இந்தப் பொருள் 0406.30 என்ற எண். வளைகுடா நாடுகளின் பொதுச் சுங்க வரி 5 விழுக்காடு, 2018 ஜனவரி முதல் மதிப்புக்கூட்டு வரி 5 விழுக்காடு. அட்டையில் அரபி இருந்தாக வேண்டும். தயாரித்த தேதியும் முடியும் தேதியும் ஆலையிலேயே அச்சாகியிருக்க வேண்டும், பின்னால் ஒட்டிய சீட்டு செல்லாது. பால் உறைய வைத்த ரென்னெட் எங்கிருந்து வந்தது என்பது இங்கே சாதாரணக் கேள்வி அல்ல. கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததானால் அந்தக் கன்று ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா என்ற சான்று வரை போகும். அமுலில் நுண்ணுயிர் வழியாகப் பெற்ற ரென்னெட் என்பதால் இந்த முடிச்சு எளிதாக அவிழ்கிறது. ஊரில் சைவம் சாப்பிடுபவர்களுக்காக அச்சிட்ட பச்சைப் புள்ளி, இங்கே முஸ்லிம் வாடிக்கையாளரின் தயக்கத்தையும் சேர்த்துப் போக்குகிறது. துபாயின் கராமா பகுதியில் ஒரு கடையில், குஜராத்தி மூதாட்டி ஒருவரும் எமிரேட் பெண்மணி ஒருவரும் ஒரே பொட்டலத்தின் ஒரே மூலையை, ஆளுக்கொரு காரணத்துக்காக உற்றுப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

தேதியைப் பொறுத்தவரை வணிகர்களிடையே ஒரு கணக்கு உண்டு: கரையிறங்கும்போது ஆயுளில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் அதற்கும் மேலே கேட்கும். அவர்கள் அலமாரியில் இடம் தருவதற்கு ஒரு கட்டணம், கண்ணில் படும் உயரத்தில் வைக்க இன்னொரு கட்டணம், விற்றபின் மாதக்கணக்கில் தவணை, விற்காமல் தேதி நெருங்கினால் திருப்பி அனுப்புதல் என்று எல்லாச் சுமையும் இறக்குமதிக்காரர் தலையில். குளிர்ப்பெட்டியின் ஓர் அடி இடம் வெளி அலமாரியின் ஓர் அடியைவிடப் பலமடங்கு விலை. புட்டிக்காரர் ஒரு தட்டு முழுக்க அடுக்கும் அதே செலவில் கட்டிக்காரருக்குக் கிடைப்பது தயிருக்கும் வெண்ணெய்க்கும் இடையே ஒரு முழம். கட்டியின் விலையில் இதுவெல்லாம் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்ற அட்டை தொங்குவது பெரும்பாலும் தாராள மனத்தால் அல்ல, தேதியால். அப்படி வாங்குவதில் தவறில்லை; இரண்டு வாரத்தில் தீர்த்துவிடும் குடும்பமானால் அதுதான் லாபம்.

இவ்வளவு கடந்து வந்த பொருளைக் கடைசிச் சில மீட்டர்களில் கெடுப்பது சிறிய கடையின் குளிர்ப்பெட்டி. நான் முன்பு குடியிருந்த தெருவில் ஒரு கடைக்காரர், மின்கட்டணம் மிச்சப்படுத்த இரவு கடையை மூடும்போது குளிர்ப்பெட்டியையும் அணைத்துவிடுவார். காலையில் போட்டால் பத்து மணிக்குள் மறுபடி குளிர்ந்துவிடுமே, என்ன கெட்டுப்போயிற்று என்பது அவருடைய வாதம். மேலுக்குப் பார்த்தால் எதுவும் தெரியாதுதான். ஸ்லைஸ் பொட்டலத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: உறையின் உட்புறத்தில் நீர்முத்துகள் கோத்திருந்தால் அது சூடாகிக் குளிர்ந்த சீஸ். ஒரு ஸ்லைஸை உரிக்கும்போது மெல்லிய படலம் உறையோடு தங்கிவிட்டால், விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டினால், அதே கதைதான். கட்டியானால் மூலைகளைத் தடவிப் பாருங்கள். ஒரு மூலை கண்ணாடி போலக் கெட்டியாகவும் கருமஞ்சளாகவும் இருந்தால் உறையில் எங்கோ ஊசித்துளை இருக்கிறது. இவை சீஸ் செய்தவரின் குற்றங்கள் அல்ல என்பதால், ஒரு கடையில் ஏமாந்துவிட்டுப் பெயரையே வெறுத்துவிட வேண்டாம். கடையை மாற்றிப் பாருங்கள்.

சரியான குளிரில் வந்த கட்டி எப்படியிருக்கும்? வெட்டிய முகம் மங்கலான பளபளப்போடு, ஓட்டையோ கீறலோ இல்லாமல் இருக்கும். விரலால் அழுத்தினால் லேசாகக் குழிந்து திரும்பும். வாயில் போட்டவுடன் வருவது உப்பு. இந்த உப்புத் தூக்கல் சிலருக்கு அதிகம் என்று தோன்றலாம். அதன் பின்னால் மெதுவாக ஒரு புளிப்பு, முதிர்ந்த செடாரின் தொலைதூர நினைவு போல. புட்டிச் சீஸில் இந்தப் பின்சுவை குறைவு. அது பால் இனிப்பும் பாலாடை மென்மையுமாக நாவில் பரவி உடனே போய்விடும். சென்னையிலோ மதுரையிலோ பள்ளிவிட்டு வந்து சீஸ் கட்டியில் ஒரு துண்டை அம்மாவுக்குத் தெரியாமல் வெட்டித் தின்றவர்களுக்கு, எது சீஸின் சுவை என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே நாவில் இருக்கிறது. நானும் அந்தக் கட்சி என்பதால் இந்த இடத்தில் என் தீர்ப்பைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

தோசைக்கல் பாரபட்சம் பார்க்காது என்பதால் அங்கே ஒரு சோதனை செய்தேன். ஒரே மாவில் மூன்று தோசை. முதலாவதில் குளிர்ந்த கட்டியைத் துருவித் தூவினேன். துருவியில் ஒட்டாமல் நீள நீளமாக உதிர்ந்தது, முக்கால் நிமிடத்தில் விளிம்புகள் தளர்ந்து, தனித்தனி இழைகள் ஒன்றோடொன்று கைகோத்து, ஆனால் ஓடாமல், போட்ட இடத்திலேயே மஞ்சளாகப் படர்ந்தது. கல்லில் சிந்திய இழைகள் முறுகிச் சின்ன வலைகளாயின; உண்மையில் அதுதான் ருசி. இரண்டாவதில் நீல டப்பாச் சீஸ்: துருவும்போது கொஞ்சம் பொடிந்தது, உருகுவதற்கு இன்னும் அதிக நேரம் கேட்டது, சுவை கட்டிக்கு மிக நெருக்கம். மூன்றாவதில் புட்டிச் சீஸைக் கரண்டியால் தடவினேன். ஈரம் கூடுதலாக இருப்பதால் தோசையின் மொறுமொறுப்பு அந்த இடத்தில் போயிற்று, கல்லைத் தொட்ட பகுதி பால் அடிப்பிடித்தது போலக் கருகியது. அதே புட்டிச் சீஸை அடுத்த நாள் பரோட்டாவில் சிப்ஸ் ஒமானோடு சுருட்டியபோது, கட்டியால் அந்த இடத்தை ஒருபோதும் பிடிக்க முடியாது என்பதும் தெரிந்தது. மொறுமொறுப்பான சிப்ஸைப் பிடித்து வைக்கப் பசை வேண்டும், கட்டி பசையாகாது. மொசரெல்லா போல நூல் நூலாக இழுபடும் என்று எதிர்பார்த்துப் பீட்சாவுக்கு இதை வாங்குகிறவர்களும் ஏமாறுவார்கள். இழுபடுவதற்குத் தேவையான கால்சியப் பிணைப்பைத்தான் சிட்ரேட் அவிழ்த்துவிட்டதே.

ஸ்லைஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10 ஸ்லைஸ், 200 கிராம், ஒவ்வொன்றும் தனி உறையில். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் சாண்ட்விச்சுக்கு வசதி. அந்த வசதிக்குத்தான் கூடுதல் விலை. காலையில் டப்பாவில் வைத்துப் பதினொரு மணிக்குச் சாப்பிடும் பிள்ளைக்கு மே மாதத்துக்குப் பிறகு நான் இதைக் கொடுப்பதில்லை. முக்கோண வடிவில் வெள்ளித்தாள் சுற்றி வரும் வகையைக் கொடுக்கிறேன். பிரான்சில் 1921-இல் லியோன் பெல் தொடங்கிய சிரிக்கும் பசுவின் வட்டப் பெட்டி அதற்கு உகந்தது.

வாங்குவதென்றால் என் யோசனை இது. தோசை, டோஸ்ட், ஆம்லெட், மிளகு தூவி அப்படியே தின்பது என்று இருப்பவர்கள் கட்டியை வாங்கலாம், பணத்துக்கு மோசமில்லை. கூட்டம் அதிகமுள்ள, சரக்கு வேகமாக ஓடுகிற பெரிய கடையில் வாங்குங்கள். குளிர்ப்பெட்டியில் வெப்பமானி எண் வெளியே தெரிய வேண்டும், அது 5-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரே வகைக் கட்டி இரண்டு வெவ்வேறு தேதிகளில் இருந்தால் கடைக்காரர் வரிசை மாற்றி அடுக்குகிறார் என்று பொருள், நல்ல அடையாளம். சீஸைக் கடைசியாக எடுத்து, பாலோடு ஒட்டி வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஆகஸ்டில் காரின் பின்பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு வழியில் இன்னொரு கடைக்குப் போகிறவர்கள், கப்பலும் கிடங்கும் வண்டியும் இத்தனை நாள் பார்த்துப் பார்த்துக் காத்த குளிரை அரைமணி நேரத்தில் கொடுத்துவிடுகிறார்கள். திறந்த கட்டியை மெழுகுத்தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில், காய்கறித் தட்டில் வையுங்கள். என் வீட்டில் இப்போது இருக்கும் கட்டி ஒன்பது நாளானது. வெட்டிய முகம் இன்னும் உலரவில்லை, ஓரத்தில் மட்டும் யாரோ சின்னப் பற்களால் கடித்த தடம் இருக்கிறது.